மஞ்சள் வைத்த பாஸ்போர்ட்

இந்திராதேவி அக்கா குப்பைக் கூடையைக் காலி செய்வதைப் பார்த்தால் போதும், அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். மலாக்காவில் அலோர் காஜாவைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கு நடுவில் இருக்கும் தனியார் கல்லூரி ஒன்றில் நாங்கள் இருவரும் துப்புரவு வேலை செய்கிறோம். நான் கூடையை அப்படியே கறுப்புப் பையில் கொட்டிவிடுவேன். அக்கா கொட்ட மாட்டார். கையை உள்ளே விட்டு எழுத்து இருக்கிற காகிதத்தை எல்லாம் தனியாக எடுப்பார். கசங்கியிருந்தால் மேசை விளிம்பில் வைத்து நீவுவார். தேநீர் கலக்கும் பேண்ட்ரி அறையின் அலமாரி மேல்தட்டில் ஒரு நாள் முழுக்க வைத்திருப்பார். யாரும் தேடி வராவிட்டால்தான் மறுநாள் அது குப்பைக்குப் போகும். இந்தப் பதினோரு வருடத்தில் இரண்டு பேர்தான் தேடி வந்திருக்கிறார்கள்.

"ஏன்கா இவ்ளோ வேல? அவங்களே வேணாம்னுதான போட்டிருக்காங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரியாமப் போட்டிருந்தாலா? ஒரு காகிதம் இல்லாம நான் பட்டது போதும் சாந்தி."

அவர் பட்டது இதுதான். அக்கா பிறந்தது பெம்பான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பா வீராசாமி மரம் வெட்டினார், பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. அம்மா வேலாயிக்குப் புல் வெட்டுகிற வெளிக்காட்டு வேலை. வீட்டுக் காகிதங்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு பலகைப் பெட்டியில் இருந்தன. அக்கா ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போக வேண்டிய நேரத்தில் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். பெட்டியைத் திறந்தால், அடிப்பலகையோடு சேர்த்துக் கரையான் தின்று வைத்திருந்தது. அப்பா அந்தத் தூளை ஒரு துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, பட்டணத்து அலுவலகத்துக்குப் போனார். கவுண்டரில் துண்டை அவிழ்த்தபோது இரண்டு கரையான் உயிரோடு ஓடினதாம். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அக்காவின் குரல் இறங்கிவிடும்.

வேறு பத்திரம் கைக்கு வர மூன்று வருடம் ஆனது. தோட்டத்து மானேஜர் மாறியிருந்தார். பழைய பதிவேடு கிடைக்கவில்லை. பிரசவம் பார்த்த அம்மாள் செத்துப்போயிருந்தார். எல்லாம் சரியானபோது அக்காவுக்குப் பதினைந்து வயது. கூடப் படித்தவர்கள் மூன்றாம் படிவத்தில் இருந்தார்கள். அக்கா தொழிற்சாலைக்குப் போய்விட்டார்.

பிறகு லாரி ஓட்டுகிற புவனேந்திரனைக் கல்யாணம் செய்தார். அலோர் காஜாவில் அடுக்குமாடி வீடு வந்தது. ஒரே மகள், கலைமகள். எங்கள் வீடு அவர்களுக்கு இரண்டு வீடு தள்ளி. அவர்கள் வீட்டுக் காகிதம் எல்லாம் நீல நிற பிஸ்கட் டின் ஒன்றில் இருக்கும். நான்கு மூலையிலும் அந்துருண்டை. மழைக்காலத்தில் அக்கா அதை வாரம் ஒருமுறை திறந்து, உள்ளே ஏதாவது ஊர்கிறதா என்று பார்ப்பார். தபாலில் அரசாங்க உறை வந்தால் தானே பிரிக்க மாட்டார். யூனிபாரம் போட்டவர் யாராவது படியேறி வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார். நானும் தைரியசாலி இல்லை. இரண்டாம் படிவத்தோடு நின்றவள். நாலு பேர் இருந்தால் வாயே திறக்க வராது. அதனால்தானோ என்னவோ அக்கா எங்கே போனாலும் என்னைக் கூப்பிடுவார். இரண்டு பயந்தவர்கள் சேர்ந்தால் தைரியம் வந்துவிடும் என்று நினைப்பு.

அந்தச் சட்டம் பற்றி முதலில் பேண்ட்ரி டிவியில்தான் கேட்டோம். நாடாளுமன்றத்தில் உயர்கல்விச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள் என்று மத்தியானச் செய்தியில் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்கும் புரியவில்லை. ஆனால் 'சட்டம்' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும் உஷாராணி மிஸ்தான் விளக்கினார். முன்பெல்லாம் கணக்கியல் எடுத்த பிள்ளை கடைசி வரைக்கும் அதையேதான் படிக்க வேண்டும். இனிமேல் பாடத்தில் மூன்றில் ஒரு பங்கை வேறு துறையிலிருந்து தானே எடுத்துக்கொள்ளலாம். அது மட்டும் இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கல்லூரி கூட்டுச் சேரலாம். அங்கே போய் ஒரு வருடம் படித்தால் அந்த வருடம் இங்கேயும் சேரும்.

"கலைக்குச் சொல்லுங்கக்கா, நல்ல சான்ஸ்லா," என்றார் மிஸ்.

"சரி மிஸ்," என்றார் அக்கா. சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கலை அதே கல்லூரியில் இரண்டாம் வருடக் கணக்கியல் மாணவி. அவளுக்கு எங்களுக்கு முன்பே தெரியும். பெயரும் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கு அவர்கள் வீட்டில் நடந்ததை நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன்.

"தண்ணியப் பத்திப் படிக்கப் போறேன்மா. ஆத்துத் தண்ணி, வெள்ளம், குடிக்கிற தண்ணி, எல்லாம். கணக்கும் விட மாட்டேன். ரெண்டும் சேத்து."

"தண்ணியப் பத்திப் படிக்க என்னா இருக்கு? கொழாயத் தொறந்தா வருது," என்றார் புவனேந்திரன் அண்ணன்.

"போன மாசம் நாலு நாள் வரல. மறந்திட்டீங்களாப்பா? பக்கெட்டத் தூக்கிட்டு நாலு மாடி ஏறினது யாரு?"

"அது சரி. எந்த ஊரு?"

"ஹாலந்து."

அண்ணன் சிரித்துவிட்டார். "மலாக்கா டவுன்ல செவப்புக் கட்டடம் கட்டினானே, அவன் ஊரா? அவனுங்க இங்க வந்து நம்மள ஆண்டது பத்தாதுன்னு இவ அங்க போறாளாம். போய்ட்டு வா. நீ ஒரு கட்டடத்தக் கட்டிட்டு வா."

அக்கா சிரிக்கவில்லை. "அங்க போனப்புறம் சட்டத்த மாத்திட்டா? இப்ப மாத்தினவங்க மறுபடியும் மாத்த மாட்டாங்களா? அங்க படிச்சது செல்லாதுன்னு சொல்லிட்டா இவ நடுவுல நிப்பா."

"அப்படியெல்லாம் ஆகாதும்மா."

"உனக்குத் தெரியாது. நின்னவ நான்."

அம்மாவின் கரையான் கதை கலைக்கு மனப்பாடம்.

முதல் முறை என்பதால் ஆறே இடம். நாற்பது பேர் எழுதிப் போட்டார்கள். கலை ஆறாவதாக வந்தாள். ஏழாவது ஆள் காத்திருந்தான். பெற்றோர் கூட்டத்துக்கு அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் தினமும் கூட்டுகிற மண்டபம்தான். ஆனால் அன்றைக்கு நாற்காலியில் உட்கார இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முன்னால் பேசியவர், கோலாலம்பூரில் விசாவுக்கு நேரம் வாங்கிவிட்டதாகச் சொன்னார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. ஆறு பேரும் அதே நாளில் வந்தாக வேண்டும். தவறவிட்டால் அடுத்த நேரம் ஒன்றரை மாதம் கழித்துத்தான். அதற்குள் அங்கே வகுப்பு தொடங்கிவிடும். இடம் காத்திருக்கும் ஏழாவது ஆளுக்குப் போய்விடும்.

சம்மதப் பாரத்தை மடியில் வைத்து நீவிவிட்டு அக்கா கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் கேட்டார். "சாந்தி, அது ரொம்ப தூரம்லா?"

"பிளேன்லயே பதிமூணு மணி நேரமாம்கா."

அக்கா வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். "இதோ இருக்கிற சுங்கை ரம்பாய்க்கு லாரி போனாலே, இவங்கப்பா போன் எடுக்கலன்னா எனக்கு வயித்த வலிக்கும்," என்றார்.

பாஸ்போர்ட் வந்தது. விசா நாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை அக்கா சாமி கும்பிட்டார். நானும் இருந்தேன். அழைப்புக் கடிதத்தையும் பாஸ்போர்ட்டையும் தாம்பாளத்தில் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். புதுக் காகிதம் வீட்டுக்கு வந்தால் மஞ்சள் வைக்காமல் எடுக்கிற வழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிறோம். வீட்டுப் பத்திரத்துக்கு வைக்கிறோம். அக்கா மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துக் கடிதத்தின் நான்கு மூலையிலும் தொட்டு வைத்தார். பாஸ்போர்ட் அட்டையிலும் நான்கு மூலை. அதோடு விடவில்லை. புதுக் கணக்குப் புத்தகத்துக்கு உள்ளே முதல் பக்கத்திலும் வைப்பதுபோல, அட்டையைத் திறந்து உள்ளேயும் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் உதடு அசைய நின்றார். பிறகு மூடி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, டின்னுக்குள் வைத்தார். மஞ்சள் காய்ந்ததா என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, எங்களுக்கு அரை நாள் வேலை. நகல் எடுப்பதற்காக உஷாராணி மிஸ் பாஸ்போர்ட்டைக் கேட்டிருந்தார். அக்கா அதைக் கைப்பையில் எடுத்து வந்திருந்தார். நாங்கள் வராந்தா துடைத்துக்கொண்டிருந்தபோது மிஸ் யாரிடமோ போனில் பேசியது கேட்டது.

"கறை, கிழிசல், கிறுக்கல் ஒண்ணும் இருக்கக்கூடாது. ஒரு பக்கம் கெட்டிருந்தாலும் வாங்க மாட்டாங்க. போன தடவ ஒரு பையன அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்கலா."

அக்காவின் கையில் துடைப்பம் நின்றது. என்னைப் பார்த்தார். இருவரும் பேண்ட்ரிக்குள் போய்க் கதவைச் சாத்தினோம்.

உறையிலிருந்து எடுத்துத் திறந்தார். அட்டையில் வைத்தது ஒன்றும் ஆகவில்லை. உள்ளே ஈர மஞ்சள் எதிர்ப் பக்கத்திலும் ஒட்டி, ஊறி, இரண்டு பக்கத்திலும் பாதி வரை பரவியிருந்தது. படம் இருக்கும் பக்கம் கெட்டியானது. அதை ஈரத்துணியால் துடைத்ததும் போய்விட்டது. அடுத்த பக்கம் வெறும் காகிதம். அது போகவில்லை.

"என்னா சாந்தி செய்றது? என்னா செய்றது?"

அப்போது நான்தான் சொன்னேன். "லேசா சவுக்காரம் தொட்டுத் துடச்சா போயிரும்கா."

தினமும் பத்து விதக் கறையைப் போக்குகிறவர்கள் நாங்கள். சாயக்கறை, காப்பிக்கறை, மசிக்கறை எல்லாம் எங்கள் கைக்குப் போகும். மஞ்சளில் சவுக்காரம் பட்டால் என்ன ஆகும் என்று எந்தத் தமிழ்ப் பெண்ணுக்குத் தெரியாது? சட்டையில் குழம்பு சிந்தித் துவைக்கும்போது பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த நிமிடம் இரண்டு பேருக்கும் புத்தியில் வரவில்லை. பயத்தில் இருந்தோம். பாத்திரம் கழுவும் சவுக்காரத்தை ஒரு சொட்டு விரலில் எடுத்து அக்கா அந்தப் பக்கத்தில் தடவினார்.

மஞ்சள் சிவந்தது. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு விழுந்த மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது.

அக்கா "அம்மா" என்று மெல்லச் சொன்னார். பிறகு தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு விரிந்தது. காகிதம் பஞ்சு பஞ்சாக எழும்பியது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். அவர் விரல் நகமெல்லாம் சிவப்பு. பேண்ட்ரிக்குள் யாராவது வந்திருந்தால் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "எம் புள்ள பேரு இருக்கிற புத்தகத்துல ரத்தம் மாதிரி ஆயிடுச்சே," என்றார்.

மிஸ்ஸிடம், பாஸ்போர்ட்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்தோம். நான் பொய் சொன்னேன். அக்கா கைப்பையை இறுக்கிக்கொண்டு பின்னால் நின்றார்.

அன்றைக்கும் மறுநாள் காலையும் அக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை. டின்னை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளி வைத்தார். அண்ணன் லாரியில் ஜொகூர் பக்கம் போயிருந்தார். கலை வாங்கி வந்த குளிர்ச் சட்டையைப் போட்டுப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கும்போதெல்லாம் அக்கா "நல்லாருக்கு" என்றார். பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். சட்டை அவளுக்குப் பெரிதாக இருந்தது.

ஞாயிறு மத்தியானம் அக்கா துணி காயப் போடும் இடத்தில் என்னைப் பிடித்தார்.

"காணாமப் போச்சுன்னு சொல்லிட்டா? பஸ்ல யாரோ அடிச்சிட்டாங்கன்னு போலீஸ்ல சொல்லிடலாம். இத அடுப்புல போட்டுறேன். யாருக்குத் தெரியும்?"

அவர் கண்ணைப் பார்க்கவே பயமாக இருந்தது. காகிதத்தைக் குப்பையில் போடவே ஒரு நாள் காத்திருப்பவர் மகளின் பாஸ்போர்ட்டை எரிக்கிறேன் என்கிறார். ஆனாலும் சொன்னேன்.

"அக்கா, போலீஸ்ல பொய் சொன்னா அது வேற கேசாயிடும். அப்புறம் விசாவும் குடுக்க மாட்டாங்க. கலைகிட்ட சொல்லிடுங்க. நானும் வரேன். சவுக்காரம் போடச் சொன்னது நான்தானே."

சொன்னோம். அக்கா டின்னைத் திறந்து அவள் மடியில் வைத்தார். கலை பக்கத்தைத் திருப்பினாள். முகம் வெளுத்துவிட்டது. சிவப்பை ஒரு விரலால் தொட்டாள். விரலைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"வேணும்னு செஞ்சியாம்மா?"

அக்காவுக்குப் புரியவில்லை. "என்னா?"

"நான் போகக்கூடாதுன்னு. மொதல்லேர்ந்து நீ வேணாம்னுதானே சொன்ன. நேரா சொல்லியிருக்கலாம்லா. ஏழாவது இருக்கிற பையன் நாளைக்கே பெட்டியக் கட்டிருவான்."

"ஐயோ, இல்லடி." அக்கா தலையைத் தலையை ஆட்டினார். "எனக்குப் பயமா இருக்கு. அது நெசம். நீ போற நாள நெனச்சா சோறு எறங்கல. அதுவும் நெசம். ஆனா இத நான் செய்வனா? ஒரு காகிதத்த நான் கெடுப்பனா? நல்லபடியா போய்ட்டு வரணும்னுதான்டி வெச்சேன்."

கலை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "அக்கா கண்ண மூடிக்கிட்டு நின்னாங்க கலை. நான் பாத்தேன். சவுக்காரம் என்னோட வேல."

பிறகு கலை எழுந்து தன் போனை எடுத்தாள். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு இமிகிரேசன் தொறக்கும். செவ்வாய்க்கெழம ஒன்பது மணிக்கு விசா. ஒரு நாள்தான் இருக்கு. நீயும் வரணும்மா. கெடுத்தவங்க யாருன்னு கேப்பாங்க."

திங்கட்கிழமை நானும் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். ஏழரை மணிக்கே வாசலில் நின்றோம். உள்ளே போய் நம்பர் எடுத்து உட்கார்ந்த பிறகு அக்கா இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். நகத்தில் இன்னும் சிவப்பு இருந்தது. நம்பர் மாறும்போதெல்லாம் ஒரு மணி அடிக்கும். ஒவ்வொரு மணிக்கும் அவர் தோள் தூக்கிப் போட்டது.

கவுண்டரில் ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார். கலைதான் பேசினாள். அந்த அம்மா பக்கத்தைத் திறந்ததும் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"இனி டாரா கா?" ரத்தமா என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்ல, இல்ல," என்று கலை அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

அக்கா எழுந்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்திருந்தேன். அவர் கவுண்டர் வரைக்கும் நடந்த அந்த நாலு அடியை என்னால் மறக்க முடியாது. பன்னிரண்டு வயதில் அப்பாவோடு போய் நின்ற மாதிரித்தான் இருந்திருக்கும்.

"சாயா," என்றார். நான்தான் என்றார். "குன்யிட். செம்பாயாங்." மஞ்சள், சாமிக்கு வைத்தது. அவருக்குத் தெரிந்த மலாய் எல்லாம் அந்த நேரத்தில் அந்த மூன்று சொல்லாகச் சுருங்கிவிட்டது.

அந்த அம்மா பாஸ்போர்ட்டை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். நடந்ததை எழுதித் தர வேண்டும். கெடுத்தவர் தன் கையாலேயே எழுத வேண்டும். மேலதிகாரி பார்த்து முடிவு சொல்வார். இன்றைக்கே கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மூன்று நாளும் ஆகலாம்.

மூன்று நாள் என்றால் எல்லாம் முடிந்தது. கலை போனில் மணி பார்த்தாள்.

அக்கா தாளை வாங்கிக்கொண்டு மூலையில் இருந்த மேசைக்குப் போனார். ஆறாம் ஆண்டுக்குப் பிறகு மலாயில் அவர் எதுவும் எழுதியதில்லை. கலை சொல்லிக்கொடுக்க வந்தாள். "நீ போ, நானே எழுதுறேன்," என்றார். ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, நெற்றி வேர்க்க எழுதினார். நான்கைந்து வரிதான். முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு எனக்குக் காட்டினார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான் இருந்தது: 'என் பெயர் இந்திராதேவி. என் மகள் நல்லபடி போக வேண்டும் என்று சாமிக்கு வைத்து மஞ்சள் போட்டேன். கறை ஆனது. பயந்து சோப்பு போட்டேன். சிவப்பு ஆனது. மகள் மேல் தப்பு இல்லை.'

"எம் பேரு எங்கயும் எழுதலியேக்கா," என்றேன்.

"உன்ன எதுக்குலா இழுக்கணும்."

தாள் உள்ளே போனது. பத்து மணி. பதினொன்று. மத்தியானம் கவுண்டர்கள் சாப்பாட்டுக்கு மூடித் திறந்தன. நான் வேலைக்குப் போகவில்லை. கலை பிஸ்கட் வாங்கி வந்தாள். யாரும் பிரிக்கவில்லை. உஷாராணி மிஸ் இரண்டு முறை கூப்பிட்டார். கலை வெளியே போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தாள். "காலேஜ்ல நாலு மணி வரைக்கும்தான் பாப்பாங்களாம். அதுக்கப்புறம் ஏழாவது ஆளுக்குப் போன் பண்ணிருவாங்களாம்," என்றாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். "பேசாம நான் வெளிய போய் நிக்கவா?" என்றார். "நான் இங்க இருக்கிறதாலதான் ஆகலியோ?"

"உக்காரும்மா," என்றாள் கலை. அம்மாவின் கையை முந்தானையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சிவந்த நகத்தைத் தன் கட்டைவிரலால் தேய்த்தாள். அது போகவில்லை. அவளும் விடவில்லை.

மூன்று மணி இருபதுக்குக் கலையின் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் படம் எடுத்தார்கள். விரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். நான்கு ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது, காலையில் இருந்த அதே அம்மா புதுப் பாஸ்போர்ட்டைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். பழையதன் மூலையை வெட்டி, அதையும் கொடுத்தார். கலை அங்கேயே நின்று மிஸ்ஸுக்குப் படம் எடுத்து அனுப்பினாள்.

அந்த அம்மா அக்காவைப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னார். கலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னா சொல்றாங்க?"

"இதுக்கு மஞ்ச வைக்காதீங்க, வேணும்னா எனக்கு வெச்சு விடுங்கன்னு சொல்றாங்க."

அக்காவும் சிரிக்கப் பார்த்தார். உதடுதான் கோணியது. புதுப் பாஸ்போர்ட்டைக் கலை நீட்டியபோது ஓரடி பின்னால் போய்விட்டார். "வேணாம், வேணாம். நீயே வெச்சுக்க."

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு ஆறு பேரும் இருந்தார்கள். விசா வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அக்கா பேண்ட்ரிப் பக்கம் போகவில்லை. கிளாஸ் கழுவும் வேலையை நான் செய்தேன். டிவியில் செய்தி ஓடினால் மட்டும் வாசலில் வந்து நிற்பார். "அந்தச் சட்டத்த ஒண்ணும் செய்யலியே?" என்று என்னிடம் கேட்பார். இல்லை என்றதும் போய்விடுவார். மூலை வெட்டிய பழைய பாஸ்போர்ட் இப்போது நீல டின்னுக்குள் இருக்கிறது. தூக்கிப் போடச் சொன்னால் கேட்கவில்லை.

கலை கிளம்பிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, அடுக்குமாடிக்குக் கீழே கார் நின்றது. வீட்டிலிருந்து இறங்கும்போதே அக்கா மூன்று முறை கேட்டுவிட்டார்.

"பாஸ்போட் யாருகிட்ட?"

"எங்கிட்டத்தான். சட்டப் பையில. பட்டன் போட்டு வெச்சிருக்கேன்," என்றார் அண்ணன். "ஹாலந்துக்காரன் பீரங்கிய வெச்சாலும் எடுக்க முடியாது."

கலை அந்தப் பெரிய குளிர்ச் சட்டையைக் கையில் போட்டுக்கொண்டு அம்மா முன்னால் குனிந்தாள். அக்கா திருநீற்றுத் தட்டோடு நின்றார். எடுக்கவில்லை.

"என்னாம்மா?"

"கை ஈரமா இருக்கோ என்னமோ."

"கையக் காட்டு."

அக்கா தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்கிற டீச்சரிடம் காட்டுவதுபோல. கலை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையை முகர்ந்தும் பார்த்தாள். "காஞ்சிருக்கு. வை," என்றாள்.

அக்கா ஒரு விரலால் திருநீற்றைத் தொட்டு அவள் நெற்றியில் வைத்தார். அவ்வளவுதான். கட்டிப்பிடிக்கவில்லை. அழவும் இல்லை. அண்ணன் காரைக் கிளப்பினார். அக்கா பின்னால் மகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய், "போய்ட்டு வா கலை," என்றேன். அவள் கையை ஆட்டினாள். அக்கா ஆட்டவில்லை. பார்த்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். கார் வளைவில் திரும்பும் வரைக்கும் அப்படியே இருந்தார்.